கோபால்ட் கணக்கைத் தீர்த்த டிப்ளமோக்காரர்

மூன்றாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. பியூரெட்டைத் திறந்துவிட்டு, இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கப் போகும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றவர்கள்தான் நாம் எல்லோரும். அதில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் என்ன என்று வைவாவில் கேட்டால் பட்டென்று +7 என்போம். பொட்டாசியத்துக்கு +1. நான்கு ஆக்சிஜனுக்கும் சேர்த்து -8. மொத்தம் பூச்சியம் ஆகவேண்டும், ஆகவே மிச்சம் +7. மளிகைக்கடைப் பற்று வரவு மாதிரிதான். டைகுரோமேட்டிலும் அதே கதை: ஏழு ஆக்சிஜனுக்கு -14, இரண்டு பொட்டாசியத்துக்கு +2, மீதி +12-ஐ இரண்டு குரோமியம் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு +6.

இதுவரை சுலபம். அணைவுச் சேர்மம் என்ற பாடம் வந்ததும்தான் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. சதுர அடைப்புக்குறிக்கு உள்ளே ஒரு கூட்டம், வெளியே ஒரு கூட்டம். உள்ளே இருப்பதை எண்ணணுமா, வெளியே இருப்பதை எண்ணணுமா? இந்தச் சதுர அடைப்புக்குறியை முதலில் போட்டவர் யார், எதற்காகப் போட்டார் என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் போய்விடும் என்பது என் எண்ணம். அவர் பெயர் ஆல்பிரட் வெர்னர். அவரும் ஒரு டிப்ளமோக்காரர்தான், நம்புங்கள்!

1866 டிசம்பர் 12-ஆம் தேதி அல்சாஸ் பகுதியில் உள்ள முலூஸ் என்ற ஊரில் பிறந்தார். துணி ஆலைகளும் சாயத் தொழிலும் நிறைந்த ஊர். அப்போது அது பிரான்சு நாட்டில் இருந்தது. அப்பா வார்ப்படத் தொழிலாளி. நாலு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை ஆல்பிரட். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும் வேலை எப்படிப்பட்டது என்று, அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கும் நம்மில் பலருக்குச் சொல்லவேண்டியதில்லை. கைக்குட்டையால் துடைத்தாலும் போகாத கரியோடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிற அப்பாக்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

வெர்னருக்கு நாலு வயது நடக்கும்போது போர் வந்தது. 1871-இல் அல்சாஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. ஒரே வீடு, ஒரே தெரு, ஆனால் நாடு மாறிப்போயிற்று. வீட்டில் பிரெஞ்சு, பள்ளியில் ஜெர்மன். பிற்காலத்தில் தன் ஆராய்ச்சிகளை ஜெர்மனில் எழுதினாலும் மனசில் பிரெஞ்சுப் பற்று கடைசிவரை இருந்தது என்கிறார்கள்.

ஊரிலேயே தொழிற்பள்ளியில் படித்தார். வேதியியல் மேல் அப்படி ஒரு வெறி. பதினெட்டு வயதில், அதாவது நம்முடைய வயதில், தானே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஊரில் இருந்த வேதியியல் பள்ளியின் தலைவர் நோல்ட்டிங்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அது பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலைப் பாருங்கள்! பிறகு கார்ல்ஸ்ருயே நகரில் ஒரு வருடம் கட்டாய ராணுவச் சேவை. அங்கேயும் நேரம் கிடைத்தபோது தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்.

1886-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? பாலிடெக்னிக்! (உடனே நம்ம கல்லூரியோடு ஒப்பிட்டுவிட வேண்டாம். பிற்காலத்தில் ஐன்ஸ்டைன் படித்ததும் அங்கேதான். பெயர்ப் பொருத்தம் மட்டும் நமக்குச் சொந்தம்.) அங்கே அவரை ஆட்டிவைத்தது கணக்கும் வரைபட வடிவியலும். மற்ற பாடங்களில் புலி, இந்த இரண்டில் தடுமாற்றம். என்ஜினீயரிங் டிராயிங்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அணுக்கள் வெளியில் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று உலகத்துக்கே காட்டப்போகிறவர் இவர்தான். பேப்பரில் மூன்று பரிமாணத்தை வரையக் கஷ்டப்பட்டவருக்கு மனசுக்குள் அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

1889-இல் தொழில்நுட்ப வேதியியலில் டிப்ளமோ வாங்கினார். அடுத்த வருடமே ஹான்ட்ஷ் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம். பிறகு கொஞ்ச காலம் பாரிசில் பெர்த்தெலோவிடம் வேலை. திரும்பி வந்து சூரிச்சில் நிரந்தரச் சம்பளமில்லாத துணை விரிவுரையாளர். வயது இருபத்தாறு. இதுவரை அவர் படித்ததெல்லாம் பெரும்பாலும் கரிம வேதியியல். உலோக உப்புகளில் அவருக்குப் பெயர் எதுவும் இல்லை.

இப்போது அந்த உப்புகளைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம், கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கோபால்ட் குளோரைடோடு அம்மோனியாவைச் சேர்த்துக் காற்றுப்படச் செய்து பக்குவமாகப் படிகமாக்கினால் கலர் கலராக உப்புகள் கிடைக்கும். ஒரு கோபால்ட், மூன்று குளோரின் என்பது எல்லாவற்றிலும் ஒன்றே. ஆறு அம்மோனியா இருந்தால் மஞ்சள். ஐந்து இருந்தால் செந்நீலம். நான்கு இருந்தால் பச்சை. இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தெரிந்தவை. இவற்றைக் கரைத்து வெள்ளி நைட்ரேட் விட்டால் வெள்ளி குளோரைடு தயிர் மாதிரி வெள்ளையாக வீழ்படியும், நாம் உப்புப் பகுப்பாய்வில் செய்வதுதான். மஞ்சள் உப்பில் மூன்று குளோரினும் விழுந்தன. செந்நீலத்தில் இரண்டுதான். பச்சையில் ஒன்றுதான். மற்ற குளோரின்கள் எங்கே போயின? பாட்டிலுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கின்றன!

இன்னொரு கேள்வி இதைவிடப் பெரியது. கோபால்ட்டின் இணைதிறன் மூன்று. மூன்று குளோரினும் வந்துவிட்டதால் அதன் கை நிறைந்துவிட்டது. அம்மோனியாவும் தன்னளவில் முழுமையான மூலக்கூறு. இரண்டு பேருக்கும் எதுவும் பாக்கி இல்லை. அப்புறம் ஏன் ஆறு அம்மோனியா போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்?

அன்றைக்கு இதற்கு விடை சொன்னது சங்கிலிக் கொள்கை. ஸ்வீடன் நாட்டு புளூம்ஸ்ட்ராண்ட் 1869-இல் ஆரம்பித்தது. கோப்பன்ஹேகனில் இருந்த யார்கன்சன் அதைச் செம்மைப்படுத்தினார். கார்பன் அணுக்கள் கைகோத்து நீளமாக நிற்பதுபோல அம்மோனியாக்களும் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன. சங்கிலி நுனியில் இருக்கும் குளோரின் சுலபமாகக் கழன்றுவிடும், கோபால்ட்டோடு நேரே ஒட்டிய குளோரின் கழலாது என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன மூன்று உப்புகளுக்கும் இந்தக் கணக்குச் சரியாகவே வந்தது. யார்கன்சன் சாதாரண ஆள் இல்லை. இந்த உப்புகளைத் தயாரிப்பதில் அவர் கைக்கு ஈடே கிடையாது.

1892-இன் பிற்பகுதியில் ஒரு ராத்திரி. தூங்கிக்கொண்டிருந்த வெர்னர் இரண்டு மணிக்குத் திடுக்கென்று விழித்தாராம். விடை மனசில் வந்து நின்றுவிட்டது. எழுந்து எழுத உட்கார்ந்தவர் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பேனாவைக் கீழே வைத்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. கனவு கண்டவுடன் விடை வந்துவிடும் என்று யாரும் பரீட்சைக்கு முந்தின நாள் படுத்துவிடாதீர்கள். அவர் அதற்கு முன் யார்கன்சனின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்திருந்தார். 1893-இல் அந்தக் கட்டுரை கனிம வேதியியலுக்கான ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் அவர் தானே செய்த சோதனை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் எதிராளி உழைத்துச் சேர்த்த தகவல்கள்!

அவர் சொன்னது இதுதான். ஒரு உலோகத்துக்கு ஒரு வகை இணைதிறன் அல்ல, இரண்டு வகை உண்டு. ஒன்று முதன்மை இணைதிறன். இதை எதிர் அயனிகள் நிறைவு செய்யும். இதைத்தான் இன்று நாம் ஆக்சிஜனேற்ற எண் என்கிறோம். மற்றது இரண்டாம்நிலை இணைதிறன். உலோகத்தைச் சுற்றி நேரடியாக எத்தனை பேர் உட்காரலாம் என்ற நாற்காலி எண்ணிக்கை. இதுதான் அணைவு எண். கோபால்ட்டுக்கு முதல் எண் மூன்று, இரண்டாவது எண் ஆறு. அந்த ஆறு நாற்காலியில் உட்கார்ந்தவர்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டார். வெளியே நிற்பவர்கள் கரைசலில் தனி அயனியாக உலவுவார்கள்.

இப்போது மஞ்சள் உப்பைப் பாருங்கள். ஆறு நாற்காலியிலும் அம்மோனியா, மூன்று குளோரினும் வெளியே. வெள்ளி நைட்ரேட் மூன்றையும் பிடித்துவிடும். செந்நீலத்தில் ஐந்து அம்மோனியா, ஆறாவது நாற்காலியில் ஒரு குளோரின் உட்கார்ந்துவிட்டது, வெளியே இரண்டு. பச்சையில் உள்ளே இரண்டு, வெளியே ஒன்று.

நமக்கு வரும் குழப்பம் இந்த இடத்தில்தான். வெளியே ஒரு குளோரின்தானே இருக்கிறது, அப்போ பச்சை உப்பில் கோபால்ட் +1 தானே என்று மனசு சொல்லும். அப்படி இல்லை. உள்ளே உட்கார்ந்த குளோரினுக்கும் -1 உண்டு. அது நாற்காலியையும் பிடித்துக்கொண்டு முதன்மை இணைதிறனையும் நிறைவு செய்கிறது. ஒரே ஆள் இரண்டு வேலை. அம்மோனியாவுக்கு மின்சுமை பூச்சியம், அது நாற்காலியை மட்டும்தான் பிடிக்கும். ஆகவே போடும் முறை இப்படி: வெளியே ஒரு குளோரைடு இருப்பதால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மொத்தக் கூட்டத்தின் சுமை +1. உள்ளே இரண்டு குளோரின் -2, நான்கு அம்மோனியா 0. கூட்டினால் +1 வரவேண்டும் என்றால் கோபால்ட் +3. மஞ்சளுக்குப் போட்டுப் பாருங்கள், செந்நீலத்துக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாம் +3 தான். கலர் மாறும், வீழ்படிவு மாறும், அந்த எண் அசையாது.

நம் லேபில் இருக்கும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடும் இதே வழியில் வரும். வெளியே நான்கு பொட்டாசியம், ஆகவே உள்ளே -4. ஆறு சயனைடுக்கு -6. இரும்பு +2. ஃபெர்ரிசயனைடில் வெளியே மூன்று பொட்டாசியம்தான், ஆகவே இரும்பு +3. இரண்டிலும் நாற்காலி என்னவோ ஆறுதான். இரண்டு எண்களும் வேறு வேறு என்று வெர்னர் அடித்துச் சொன்னது இதற்குத்தான்.

சங்கிலிக் கொள்கையும் இந்த மூன்று உப்புக்குச் சரியாக வந்ததே, அப்புறம் எதை நம்புவது? மூன்று அம்மோனியா மட்டும் உள்ள வகையில்தான் இருவருக்கும் வழி பிரிகிறது. சங்கிலிப்படி ஒரு எதிர் அயனி கழலவேண்டும். வெர்னர்படி ஆறு நாற்காலியும் நிரம்பிவிட்டதால் ஒன்றுகூடக் கழலாது, கரைசல் மின்சாரமும் கடத்தாது. வெர்னர் தன் நண்பர் மியொலாட்டியோடு சேர்ந்து கரைசல்களின் மின்கடத்துதிறனை அளந்தார். மூன்று அம்மோனியாவும் மூன்று நைட்ரைட்டும் கொண்ட கோபால்ட் சேர்மம் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தவே இல்லை. ஒரு மீட்டர் முள் யார் பக்கம் என்று சொல்லிவிட்டது.

அதோடு சண்டை முடியவில்லை. ஆறு பேர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? எண்முகி வடிவத்தின் ஆறு மூலைகளில் என்றார் வெர்னர். அப்படியானால் நான்கு அம்மோனியா, இரண்டு குளோரின் உள்ள உப்பு இரண்டே விதமாக இருக்கமுடியும். குளோரின்கள் எதிரெதிரே இருந்தால் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னொன்று. பச்சை கையில் இருந்தது. ஊதா நிறத்து இரண்டாவது எங்கே? அம்மோனியாவுக்குப் பதில் எத்திலீன்டைஅமீன் போட்டு அப்படி ஒரு பச்சை, ஊதா ஜோடியை யார்கன்சனே தயாரித்திருந்தார். ஆனால் அது அந்த அமீனின் சங்கிலியால் வந்த வித்தியாசம் என்பது அவர் வாதம். வெறும் அம்மோனியாவில் ஊதா உப்பைக் காட்டு, பார்க்கலாம்!

பதினான்கு வருடம் அந்தக் கேள்வி நின்றது. இத்தனைக்கும் வெர்னர் 1893-இலேயே சூரிச் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டு, 1895-இல் முழுப் பேராசிரியராகிவிட்டார். 1894-இல் எம்மா என்ற பெண்ணை மணந்தார், இரண்டு குழந்தைகள். பேர் இருந்தது, பதவி இருந்தது. ஆனால் அந்த ஊதா உப்பு மட்டும் இல்லை. அவருடைய பழைய ஆய்வுக்கூடம் நிலத்தடியில், பகலிலும் விளக்குப் போட்டு வேலை செய்யும் இருட்டறை. மாணவர்கள் அதற்குப் பிணக்குகை என்ற அர்த்தத்தில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அங்கேதான் 1907-இல் அந்த ஊதாப் படிகம் பிறந்தது. யார்கன்சன் செய்தியைக் கேட்டு, வீம்பு பிடிக்காமல் ஒப்புக்கொண்டார். அத்தனை வருடம் எதிர்த்து நின்றவர்! வெர்னரும் தன் கொள்கைக்கு அடிப்படையே யார்கன்சனின் சோதனைகள்தான் என்பதை மறைத்ததில்லை. எனக்கு இந்த இரண்டு பேரில் யாரை அதிகம் பிடிக்கும் என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. எண்முகி உண்மையானால் சில சேர்மங்கள் இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி இரண்டு வடிவில் இருக்கவேண்டும். ஒன்று ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும், மற்றது இடப்பக்கம் திருப்பும். விக்டர் கிங் என்ற அமெரிக்க மாணவர் இதற்காகச் சுமார் இரண்டாயிரம் தடவை படிகமாக்கிப் பார்த்தாராம். இரண்டாயிரம்! ஒரு ரெக்கார்டு நோட்டை இரண்டாம் தடவை எழுதச் சொன்னாலே நாம் முகம் சுளிக்கிறோம். கடைசியில் கற்பூரத்திலிருந்து தயாரித்த ஒரு அமிலத்தின் உப்பைச் சேர்த்ததும் 1911-இல் இரண்டும் பிரிந்துவிட்டன.

அப்போதும் சந்தேகக்காரர்கள் விடவில்லை. அந்தச் சேர்மத்தில் எத்திலீன்டைஅமீன் இருக்கிறது, அதில் கார்பன் இருக்கிறது, ஒளியைத் திருப்புவது கார்பனின் வேலையாகத்தான் இருக்கும் என்றார்கள். 1913-இல் நோபல் பரிசு வந்தது, சுவிட்சர்லாந்துக்கு வேதியியலில் கிடைத்த முதல் நோபல். ஆனாலும் வெர்னர் அந்த வாதத்தை அப்படியே விடவில்லை. அடுத்த வருடமே கார்பன் ஒரு துளிகூட இல்லாத ஒரு கோபால்ட் உப்பை வலது இடது என்று பிரித்துக் காட்டினார். நடுவில் ஒரு கோபால்ட், சுற்றி மூன்று கோபால்ட், அவற்றை இணைக்கும் பாலமாக ஆறு ஹைட்ராக்சைடு, பன்னிரண்டு அம்மோனியா. அந்த அயனியின் சுமை +6. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹைட்ராக்சைடுக்கு -6, அம்மோனியாவுக்கு 0, ஆக நான்கு கோபால்ட்டும் சேர்ந்து +12, ஆளுக்கு +3. இந்த உப்பையும் முதலில் தயாரித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? யார்கன்சன்தான். அவர் அந்த 1914-ஆம் வருடமே காலமானார்.

வெர்னருக்கு வேலைக்கு அளவில்லை. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள். 1901-இலேயே ஈடித் ஹம்ப்ரி என்ற ஆங்கிலேயப் பெண் அவரிடம் பட்டம் பெற்றார். பெண்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கதவையே திறக்காத காலம் அது. ஓய்வு என்றால் பில்லியர்ட்ஸ், சதுரங்கம், சுருட்டு, குடி. குடி கொஞ்சம் அதிகம்தான். பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிடுவது வழக்கம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பரிசு வாங்கிய கொஞ்ச காலத்திலேயே ரத்தக்குழாய் தடிக்கும் நோய் மூளையைத் தாக்கியது. வகுப்பில் பேச்சு தடுமாறியது. வகுப்புகளைக் கைவிட்டார். 1918 நவம்பரில் போர் முடிந்து அவர் பிறந்த முலூஸ் மறுபடி பிரான்சுக்குப் போனது. அடுத்த வருடம் அக்டோபரில் பதவி விலகினார். 1919 நவம்பர் 15-இல், ஐம்பத்து மூன்று வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கும்போது, சூரிச்சில் இறந்தார்.

எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-இல். வெர்னர் 1893-இல் கொள்கை சொன்னபோது அதுகூடக் கிடையாது. நிறம், வீழ்படிவு, மின்கடத்தல், எத்தனை மாற்றியம் கிடைக்கிறது என்ற எண்ணிக்கை, இவ்வளவுதான் கையில். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1921-இல், அம்மோனியம் குளோரோபிளாட்டினேட் படிகத்தை எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். பிளாட்டினத்தைச் சுற்றி ஆறு குளோரின், எண்முகியின் ஆறு மூலைகளில், அவர் வரைந்த அதே இடத்தில். (அதில் பிளாட்டினத்தின் எண்ணை நீங்களே போடுங்கள், வெளியே இரண்டு அம்மோனியம், ஒவ்வொன்றும் +1.) அதே பிளாட்டினம் +2 ஆக, இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் ஒரே பக்கமாகச் சேர்ந்து உட்கார்ந்த தட்டையான சேர்மம் ஒன்றின் அமைப்பையும் 1893 கட்டுரையிலேயே சொல்லியிருந்தார். 1970-களில் இருந்து அது சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் புற்றுநோய் வார்டுகளில் நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது.

வெர்னர் இறந்த அதே 1919-இல் ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலாளர், உலோகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் இணைதிறனை ரோம எண்ணில் எழுதிவிடலாம் என்று யோசனை சொன்னார். நம் ஸ்டோர் ரூம் பாட்டில்களில் இரும்பு, தாமிரம், கோபால்ட் என்ற பெயர்களை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இரண்டு கோடு, மூன்று கோடு என்று அச்சடித்திருக்கிறதே, அது அந்த வருடத்து வழக்கம்.